திருப்பிப் போட்ட ‘டீ’

அணுப்பிணைவு உலையில் பிளாஸ்மாவின் வடிவத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சூரியனைவிடச் சூடான அந்த வாயுவை எந்தப் பாத்திரமும் தாங்காது. காந்தச் சுருள்கள்தான் சுவரில் படாமல் அந்தரத்தில் ஒரு வளையமாகப் பிடித்து வைத்திருக்கும். அதை உயரமாக இழுத்து, குறுக்குவெட்டில் ஆங்கில ‘டீ’ (D) எழுத்துபோல், தட்டைப் பக்கம் வளையத்தின் மையத்தைப் பார்க்க நிறுத்தினால் வெப்பம் உள்ளேயே தங்கும். ஆனால் விளிம்பில் அழுத்தம் ஏறி ஏறி, திடீரென்று வெடித்துச் சிதறும். அடியில் பதித்த காப்பு ஓடுகள் கருகிப்போகும்.

ஓடு மாற்றுகிறவன் அவள் கணவன். உலைக் கலனுக்குள் தவழ்ந்து போய்விட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவான்.

“உன் பிளாஸ்மாவுக்கு என் மேல என்ன கோவம்?” என்பான்.

அவளுக்குச் சிரிப்பு வராது. ‘டீ’யைத் திருப்பிப் போட்டால் என்ன என்று கணக்குப் போட ஆரம்பித்தாள். தட்டைப் பக்கம் வெளியே பார்த்தால் விளிம்பில் அழுத்தம் குவியாது, வெடிப்பும் இருக்காது. வெப்பம் அகலமான வெளிவட்டத்தில் பரவி விழும். கேன்டீனில் அவள் தலையைக் கண்டாலே, “தள்ளி உக்காருங்கப்பா, மேடம் டீயக் கவுத்திடுவாங்க” என்று கேலி. பல வருஷம் கெஞ்சியபிறகு டைரக்டர் ஒரே ஒரு நாள் கொடுத்தார்.

அன்று காலை பிளாஸ்மா சாதுவாக நின்றது. ஒரு வெடிப்பும் இல்லை. வெப்பமும் பழைய வடிவத்துக்குச் சற்றும் குறையாமல் தங்கியது. கேலி பேசியவர்களே கைதட்டினார்கள்.

“பவர் இன்னும் ஏத்தலாமாம்மா?” என்றார் டைரக்டர்.

இந்த வடிவம் சட்டென்று மேலோ கீழோ நழுவக்கூடியது, பழைய சுருள்களுக்கு அதை இழுத்துப் பிடிக்கும் வலு போதாது என்பது அவளுக்குத் தெரியும். கைதட்டல் இன்னும் காதில் இருந்தது.

“ஏத்தலாம் சார்.”

பிளாஸ்மா நழுவியது. ஓடு பதிக்காத சுவரில் போய் விழுந்தது. குளிர்நீர்க் குழாய் உடைந்து, கலன் முழுக்கத் தண்ணீர்.

கலன் காய்ந்தபின் அவன் உள்ளே போனான். அவளும் தவழ்ந்து போனாள். சுவர் உருகி வழிந்து உறைந்திருந்தது.

“சுருள் வலுவா இருந்திருந்தா நின்னிருக்குமா?”

“நின்னிருக்கும்ங்க.”

“அப்போ உன் கணக்கு சரிதானே?”

“சரிதான். இனிமே யார் கேப்பாங்க?”

யாரும் கேட்கவில்லை. பழுது பார்க்க மேலிடம் மறுத்து, உலையையே மூடிவிட்டது. அடுத்த உலைக்கான கூட்டத்தில் அவள் வாய் திறக்கும் முன்பே, “அந்த வடிவமா? பட்டது போதும்” என்று ஒருவர் பக்கத்தைப் புரட்டினார். கணவனுக்கு வேலை போனது. குறை சொல்லி ஒரு வார்த்தை அவன் பேசவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

அவளை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் வழியாக, சுருள்களைத் துண்டு துண்டாக அறுத்து லாரியில் ஏற்றுவது தெரிந்தது. அவள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அறுக்கும் சத்தம் மட்டும் சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது.