கூழுக்கு முன் ஒரு கேள்வி

கொரோனா அடங்கி ஊர் மூச்சு விட்ட மறு வருடம், ஆடி பிறக்கும் நேரம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை. மழை ஓய்ந்த ஒரு காலையில், குடோனில் கம்பிக் கட்டை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் காலை வைத்தேன். துருப்பிடித்த ஆணி ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்து, வலது கால் கட்டை விரலுக்கு அடியில் ஏறிவிட்டது. இரும்பு வியாபாரிக்கு ஆணி குத்துவதெல்லாம் ஒரு விஷயமா? டி.டி. ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

விரல் விடவில்லை. வீங்கி, சீழ் வைத்து, குளிர் காய்ச்சலில் என்னைத் தூக்கி அடித்தது. ராயபுரம் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி எலும்பு வரை போய்விட்டது என்றார்கள். என் மனைவி, மகளின் பிரசவத்துக்காகத் தூத்துக்குடிப் பக்கம் போயிருந்தாள். ‘சின்ன ஆணிதான், ஒண்ணுமில்ல’ என்று போனில் சமாளித்தேன். எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. ஆனால் பொய் சொல்லும்போது குரல் நடுங்கும். மகளின் முதல் பிரசவப் பரபரப்பில் அவள் கவனிக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மீனவர். விசைப்படகில் கயிறு சுற்றி இழுத்ததில் கை முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள அவர் மனைவி கூடவே இருந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். குரல் எடுத்தால் துறைமுகத்துக் கிரேன்காரனே திரும்பிப் பார்ப்பான். நான் தனியாகக் கிடப்பதைப் பார்த்த முதல் நாளே, கேட்காமல் கொள்ளாமல் என்னையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை நைனா என்றார்.

ஆரம்பத்தில் ஊசி மருந்து ஏற்றிவிட்டு, அப்புறம் காலையும் மாலையும் மாத்திரைக்கு மாற்றினார்கள். பாலோடு மட்டும் போடாதீர்கள் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ டீ இல்லாவிட்டால் பைத்தியம் பிடிக்கும். ஆனாலும் கால் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

“டீயும் வாணாம்னுட்டாங்க, வெறும் வயித்துல மாத்திரை போட்டா குடலு வெந்துபூடும் நைனா. இந்தா, கூழு குடி.”

அவர் வீட்டிலிருந்து தினமும் தூக்கு நிறையக் கேழ்வரகுக் கூழ் வரும். நொய் போட்டுக் காய்ச்சி, ராத்திரி புளிக்க வைத்து, கெட்டி மோர் விட்டுக் கரைத்தது. கூடவே சின்ன வெங்காயம், வறுத்த நெத்திலிக் கருவாடு. நர்ஸ் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் அக்கா சொம்பை நீட்டுவார். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. அந்த வார்டில் எனக்கு நல்லது என்று இருந்தது அந்தச் சொம்பு ஒன்றுதான். கடல் காற்றும் மணலி எண்ணெய் ஆலை வாடையும் மாறி மாறி வரும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, கருவாட்டைக் கடித்துக் கூழ் குடித்தபடி அவரோடு வம்பளந்ததை நினைத்தால் இன்றைக்கும் நாக்கு ஊறுகிறது. காலில் சீழ் வைத்திருந்த நாட்களுக்காக ஏங்குகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!

ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. பெரிய டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கட்டை விரலை எடுத்துவிடலாம், விட்டால் பாதத்துக்கு ஏறும் என்றார். எனக்கோ நாள் முழுக்க நின்றுகொண்டே எடை போடும் தொழில். கட்டை விரல் போனால் நிலையாக நிற்க முடியுமா? அன்று முழுக்கப் போர்வைக்குள் காலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்டைப் பார்த்துக்கொண்ட சின்ன வயது டாக்டரம்மா மட்டும் சமாதானம் ஆகவில்லை. இந்தக் கிருமி இந்த மாத்திரைக்குச் செத்திருக்க வேண்டும், ஏன் சாகவில்லை என்று தனக்குள்ளேயே பேசிக்கொண்டார். மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார். முன்பெல்லாம் அதற்கு ரத்தத்தை வெளியே அனுப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். இப்போது கீழே லேபில் ஒரு சின்ன மெஷின் வந்திருக்கிறது, ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடும் என்றார். காபி என்று அவர் சொன்னதே எனக்கு வயிற்றெரிச்சல். காலை மாத்திரை போட்டுச் சற்று நேரம் கழித்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

“ரத்தத்துல மருந்து பேருக்குத்தான் இருக்கு. உண்மையைச் சொல்லுங்க சார், மாத்திரையை முழுங்கறீங்களா, இல்ல ஜன்னல் வழியா போடறீங்களா?”

எனக்கு வந்ததே கோபம்! என்னைத் திருடன் மாதிரிப் பார்க்கிறார்களே என்று எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு முன்னால் அக்கா எழுந்துவிட்டார்.

“இன்னா டாக்டரம்மா இப்டி சொல்லிட்ட? என் கண்ணெதிர்லதான் முழுங்கிக்கினு கீறாரு. ஒரு வேள தப்பல. நான்தான் சொம்பு சொம்பா கூழு ஊத்திக் குடுக்கறேன். அம்மன் மேல சத்தியம்!”

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். எப்போது கூழ், மாத்திரையோடா, மோர் விட்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா சாட்சிக் கூண்டில் நிற்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். கேழ்வரகிலும் மோரிலும் பாலில் இருக்கிற அதே சுண்ணாம்புச் சத்துதானாம். அது இந்த மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ரத்தத்துக்குப் போகவேண்டிய மருந்து வயிற்றோடேயே வெளியே போய்விட்டது. பால் வேண்டாம் என்று சொன்ன யாருக்கும் கூழைச் சொல்லத் தோன்றவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

“நம்ம வூட்டு கூழு மாத்திரையவே துன்னுடுச்சு பார்த்தியா மாமு” என்று மீனவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. தூக்கை மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் மூக்கு உறிஞ்சும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கால் வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது.

மறுநாள் காலை வெறும் தண்ணீரில் மாத்திரை. மறுபடியும் ரத்தம். மெஷின் பதில் சொல்லும் வரை அக்கா வாசற்படியில் நின்று மஞ்சள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா படியேறி வரும்போதே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். என் கட்டை விரல் தப்பித்தது என்பதைத் தன் கட்டை விரலால் சொன்னார்! மருந்து இருக்கவேண்டிய அளவுக்கு வந்துவிட்டது. ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள். அந்த வாரமே காய்ச்சல் விட்டது, வீக்கம் வற்றியது. அந்த ஆபரேஷன் நடக்கவே இல்லை.

ஆனால் அக்கா அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கப் பயந்தார். இரண்டு குடும்பமும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினோம். ஆடிக் கடைசியில் அவர்கள் குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். வருடா வருடம் அகப்பை அக்கா கையில்தான். இந்த வருடம் ஊற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், நீயாவது வந்து சொல்லு மாமு என்று மீனவர் போன் செய்தார். கட்டு பிரிக்காத காலோடு ஆட்டோ பிடித்துப் போனேன். அண்டாவுக்குத் தள்ளி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முன்னால் சொம்பை நீட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தார். “காத்தால மாத்திரை எப்போ துன்ன?”

விடியற்காலையில் என்றேன். டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன், மத்தியானம் தாண்டினால் குடிக்கலாம் என்று சொன்னார் என்றேன். வெயிலைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவரிடம் மணி கேட்டார். அப்புறம் எழுந்து போய் அகப்பையை எடுத்தார். முதல் ஊற்று எனக்கு.

இப்போதும் ஒவ்வொரு ஆடிக்கும் போகிறேன். வரிசையில் வருகிற ஒவ்வொருவரிடமும் அக்கா, “டாக்டரு குடுத்த மாத்திரை எதுனா துன்னுக்கினு கீறியா?” என்று கேட்காமல் அகப்பையைச் சாய்ப்பதில்லை. ஆமாம் என்றால் தூக்கில் ஊற்றிக் கொடுத்து, டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடி என்று அனுப்புவார். கோயிலா, மருந்துக் கடையா என்று குப்பமே கேலி செய்கிறது. அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. சுடுமணலில் பத்து விரலும் பதிய நின்று என் முறைக்குக் காத்திருக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அன்றோடு கொடுக்கிற கையை ஒரேயடியாக இழுத்துக்கொண்டிருப்பேன், அவரோ கேட்டுவிட்டு ஊற்றுகிறார்.