லாரியில் ஏறிப்போன மேடு

2005-ஆம் ஆண்டு, மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இது ஆரம்பித்தது. சுனாமி வந்துபோன பிறகு எல்லா அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் மீது திடீர்ப் பாசம் பிறந்திருந்தது. ஏரியும் ஓடையும் கடலும் சேர்ந்து பொங்கினால் எந்த இடம் முழுகும், எது தப்பும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள் ஒன்றைச் சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்தார் கொண்டுவந்திருந்தார்கள். பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கும் அழைப்பு. முன்வரிசை நாற்காலி, டீ, பிஸ்கட், கூடவே ஒரு படிவம்: மென்பொருளை மேம்படுத்தப் பயனாளர்களின் யோசனைகள்.

யோசனை சொல்வதில் நம்மவர்களுக்குக் குறைவே கிடையாது. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்றார் ஒருவர். தண்ணீருக்கு இன்னும் நல்ல நீலம் போடலாம் என்றார் இன்னொருவர். முதல் திரையில் உயர் அதிகாரியின் படம் வர வேண்டும் என்று பக்கத்து நாற்காலிக்காரர் எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். நான் எதுவும் எழுதவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பளம் முழுக்க நீலமாக, அதாவது முழுகிக் கிடந்தது. அது நியாயம்தான். ஆனால் நீலத்துக்கு நடுவில், உப்பளச் சாலையை ஒட்டி, நீளமாக ஒரு பச்சைத் திட்டு. பச்சை என்றால் முழுகாத மேடு. அதன் மேல் சின்னக் குடை போல ஓர் அடையாளம். வெள்ளம் வந்தால் பக்கத்துக் குப்பத்து மக்கள் போய் நிற்க வேண்டிய இடமாம்.

அந்தச் சாலையில் பல வருஷமாகப் போய்வருகிறவன் நான். அங்கே மேடு கிடையாது. இருப்பது உப்பு. கோடையில் வாரிய உப்பை அம்பாரம் அம்பாரமாகக் குவித்து, ஓலை போட்டு மூடி, வரிசையாக வைத்திருப்பார்கள். விமானத்திலிருந்து தரையை அளந்த நேரத்தில் அம்பாரங்கள் நல்ல உயரத்தில் இருந்திருக்கின்றன. மென்பொருள் அவற்றைக் குன்று என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

எழுந்து சொன்னேன். மென்பொருளை இயக்கிக் காட்டிய பெண் பொறியாளர் நடுத்தர வயதுக்காரர், பொறுமைசாலி. "சார், இது சர்வே டேட்டா" என்றார்.

"டேட்டா இல்லம்மா, உப்பு."

"ஃபில்டர் பண்ணித்தான் சார் எடுத்திருக்கோம். வீடு, மரம் எல்லாம் நீக்கிட்டுத் தரையை மட்டும்தான் வெச்சிருக்கோம்."

"நீங்க வெச்சிருக்கிற தரையைத்தான் ஊர்ல சாம்பார்ல போடுறாங்க."

மண்டபம் சிரித்தது. சிரிப்போடு விஷயமும் முடிந்தது. எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் படிவத்தை நிரப்பினேன். ஒவ்வோர் இடத்தின் உயரமும் எப்போது எடுத்தது, எப்படி எடுத்தது என்று வரைபடத்திலேயே தெரிய வேண்டும், நேரில் பார்த்தவர் தப்பைத் திருத்த வழி வேண்டும் என்று எழுதினேன். சில நாளில் பதில் வந்தது. யோசனைக்கு நன்றி, பாதுகாப்புக் காரணங்களால் தரையைப் பயனாளர் மாற்ற இயலாது, அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும். அதுவரை காத்திருக்கும்படி மழைக்கு யார் எழுதுவது என்று பதிலில் இல்லை. இதற்குள், அந்த வரைபடத்தை வைத்துக் குப்பத்தில் அம்புக்குறிப் பலகை நடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், "கம்ப்யூட்டர் சொன்னதை நாங்க எப்படி சார் மாத்துறது?" என்று கையை விரித்தார்கள்.

நான் விடுவதாக இல்லை. சத்தம் போட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், நானே பல பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். ஆனால் கூட்டுப் புலத்தணிக்கை வேண்டும் என்று எழுத்தில் மனு கொடுத்தால், ஒன்று நேரில் வந்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஏன் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவதைச் செய்யும் துணிச்சல் யாருக்கும் வராது. அதனால் வந்தார்கள்.

காலை வெயிலில் இரண்டு அதிகாரிகளும் அந்தப் பொறியாளரும் ஜீப்பிலிருந்து இறங்கியபோது, பாதுகாப்பான மேட்டில் பாதி ஏற்கெனவே லாரியில் இருந்தது. மீதியை ஆட்கள் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் வரைபடத்தோடு, மிச்சமிருந்த ஓர் அம்பாரத்தின் மேல் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தார். உப்பள முதலாளி, ஊரே பாய் என்று கூப்பிடும் மனிதர், கீழேயிருந்து கத்தினார்.

"மேடம், எறங்குங்க, எறங்குங்க! நீங்க நிக்கிறது மத்தியானம் பெங்களூர் போவுது!"

அதிகாரிகள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டார்கள். பொறியாளர் இறங்கி வந்து, வரைபடத்திலிருந்த குடையின் குறுக்கே பேனாவால் கோடு போட்டார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற குப்பத்து மீன்காரப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். "கோடு அடிச்சிட்டீங்க, சரி. தண்ணி வந்தா நாங்க எங்க போயி நிக்கிறது? ஒங்க ஜீப்புலயா?"

பொறியாளரிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்தேன். வரைபடத்தில் வேறு பச்சையே இல்லை. பெரிய சாலைக்குப் போக நடுவில் ஓடையைத் தாண்ட வேண்டும், வெள்ளத்தில் முதலில் நிரம்புவது அதுதான்.

பொறியாளர்தான் திரும்பிப் பாயின் குடோனைக் கவனித்தார். உப்பு நனையக் கூடாது என்பதற்காக ஆள் உயரத்துக்கு மண் கொட்டிக் கெட்டித்து அதன் மேல் கட்டிய குடோன். மென்பொருளில் அது இல்லவே இல்லை. கட்டடம் என்று நீக்கியபோது அடியிலிருந்த மேட்டையும் சேர்த்து அழித்திருக்கிறது. "பொய் மேட்டை வெச்சுக்கிட்டு நிஜ மேட்டைத் தூக்கிப் போட்டுட்டோம் சார்" என்று அவரே சொன்னார். அலுவலகங்களில் இவ்வளவு நேரான ஒரு வாக்கியத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

மூத்த அதிகாரி உடனே பாயிடம் சம்மதக் கடிதம் கேட்டார். பாய் கையைக் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல மலையை எடுத்துட்டீங்க, இப்ப குடோனா? சுனாமியப்போ நிவாரணச் சாமான் வைக்கணும்னு சாவி கேட்டீங்க, குடுத்தேன். அந்தச் சாவியத் திரும்ப வாங்க நான் நடந்த நடைக்கு ஹஜ்ஜுக்கே போயிட்டு வந்திருக்கலாம். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க சார்."

கடிதம் இல்லாமல் தங்குமிடம் என்று குறிக்க முடியாது என்றார் அதிகாரி. விதி அப்படித்தான். பலகை நடும் வேலை நிற்கும், மழை நிற்காது. ஜீப் கிளம்பப் போகும் நேரத்தில் எனக்கு அந்த விதியின் மறுபக்கம் ஞாபகம் வந்தது. சம்மதம் வேண்டியது தங்குமிடத்துக்குத்தான். தரை உயரத்துக்கு இல்லை.

"குடோன்னு எழுதாதீங்க, தங்குமிடம்னும் எழுதாதீங்க. இந்த இடத்துல தரை இவ்ளோ உயரம்னு மட்டும் போடுங்க. உயரத்துக்கு எந்த ஊர்லயும் பட்டா கிடையாது" என்றேன்.

அதிகாரி ஆட்சேபணை ஒன்றைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. சரி என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் பொறியாளர் தன் செலவில் பஸ் ஏறி வந்தார். அவர் கருவியில் பார்க்க, நான் அளவுகோலைப் பிடிக்க, குடோன் அடித்தளத்தின் உயரத்தை எடுத்தோம். பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைச் சந்தேகமாகவே பார்த்தார். "உயரம் மட்டுந்தானே? அது எங்க அத்தா கொட்டின மண்ணு. எழுதிக்குங்க." பயனாளர் செய்யக் கூடாத அந்தத் திருத்தத்தைப் பொறியாளர் தன் நிறுவனத்துக்குள்ளேயே சண்டை போட்டுச் செய்து முடித்தார். புதிய வரைபடத்தில் பழைய திட்டு நீலமாகிவிட்டது. குடோன் இருந்த இடத்தில் பெயரில்லாத ஒரு பச்சைப் புள்ளி. பலகையின் அம்பு அதைக் காட்டியது. மேட்டின் விளிம்பில் ஒண்டி நிற்கலாம். குழந்தைகளும் வயதானவர்களும் மழையில் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பதற்கும், குடோனின் ஷட்டர் கதவு திறக்குமா என்பதற்கும் வரைபடத்தில் நிறம் இல்லை.

அந்த வருஷம் மழை எப்படிப் பெய்தது என்று இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிற்பகலில் உள்பக்கத்து ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிய, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் தண்ணீர் ஒரே பரப்பாக வந்தது. எச்சரிக்கையைக் கேட்டுக் காலையிலேயே குப்பத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தவர்களோடு நானும் நடந்தேன். தண்ணீரைவிட எனக்கு அந்த ஷட்டரை நினைத்துத்தான் பயம்.

ஷட்டர் தூக்கியிருந்தது.

உள்ளே பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூட்டைகளைச் சுவரோரமாக அடுக்கவைத்து, நடுவில் இடம் விட்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "செருப்ப வெளிய வுடுங்க. ஈரத்துணியோட மூட்டை மேல சாயாதீங்க, கரைஞ்சு போயிடும்" என்று வருகிறவர்களை எல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார்.

"மூட்டைக்குப் பயப்படுறியே பாய், மழை விடறதுக்குள்ள நாங்க கருவாடாயிடுவோம்" என்றாள் மீன்காரப் பெண்.

"ஆனா நல்ல வெலைக்குப் போவீங்க, ஏறு ஏறு!" என்று சொல்லிக்கொண்டே பாய் ஒரு மூட்டை மேல் தார்ப்பாய் விரித்து, அவளுடைய மாமியாரைக் கைப்பிடித்து உட்காரவைத்தார்.

வாசலில் நின்று வெளியே பார்த்தேன். பழைய பச்சைத் திட்டு இருந்த இடத்தில் சின்னச் சின்ன அலை அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஓலை மிதந்தது, அவ்வளவுதான். இத்தனை பேரும் அங்கே போய் நின்றிருந்தால் என்று நினைத்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் அடித்தளத்துக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. மறுநாள் வடிந்ததும் எல்லோரும் முழுசாக வீடு திரும்பினார்கள்.

மென்பொருளின் அடுத்த பதிப்பில், உயரம் எடுத்த தேதி திரையில் தெரிந்தது. திருத்துவதற்கும் வழி வந்திருந்தது. கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் திட்டக் கூட்டத்துக்குப் போனாலும், வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், 'அன்றைக்குக் கதவைத் திறக்கப் போகிறவர் யார், அவரிடம் யாராவது பேசினீர்களா?' என்று கேட்டு, பதில் வரும் வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.