ஸ்டெல்லா ஆன்டி யார் பெயரையும் அடிக்கவில்லை

வியாழக்கிழமை மாலை ஷைனிதான் ஃபோன் செய்தாள். "மம்மி போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து காருக்கு நடந்து வரும்போதே ஸ்டெல்லா ஆன்டிக்கு நெஞ்சுவலி. என் அம்மாவுக்கு அவர் கொடுத்தனுப்பிய மீன்குழம்பு எங்கள் ஃபிரிட்ஜில் இன்னும் பாதி இருந்தது. அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "ஃப்யூனரலுக்கு நம்ம வீட்ல யாரும் போக வேண்டாம்" என்றார். அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

கேட்டி, ரவுண்ட் ராக், பிளசன்டன் என்று இங்கே பல ஊர்களில் மாதாமாதம் ஆன்டியின் கடிதம் பெறும் உங்களுக்கு ஒன்று தெரியாது. அந்தக் கையெழுத்து என்னுடையது. பள்ளியிலிருந்து எங்களைக் கூட்டிவரும்போது ஆன்டி கார் ஓட்டிக்கொண்டே சொல்வார். நான் பின்சீட்டில் எழுதுவேன். பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு வருடம் முன்புதான் வந்தேன் என்பதால் எனக்குத் தமிழ் எழுத வரும். அவர் மகள் ஷைனிக்குக் கேட்டால் புரியும், அவ்வளவுதான். ஆன்டி இரண்டு கைகளாலும் பேசுவார். "மம்மி, வாட்ச் த ரோட்!" என்று ஷைனி அலறுவாள்.

"ரோடுதான்டீ முக்கியம்" என்பார் ஆன்டி. "ரோமாக்காரன் பட்டாளத்துக்குன்னு ரோடு போட்டான். அதுல வேதம் சொல்லச் செருப்புத் தேய நடந்தது பவுல் மாதிரி நம்ம ஆளுங்க. இந்த ஃப்ரீவே எண்ணெய் கம்பெனிக்குப் போட்டது. நாம ஜெபக்கூட்டத்துக்குப் போறோம். ரோட்டுக்கு என்ன தெரியும்?"

நமக்கென்று ஆலயம் இல்லையே என்று தேவராஜ் அங்கிள் ஒருமுறை தன் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டே குறைப்பட்டார். அன்று அவர் வீட்டு ஹாலில் நாற்பது பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். "முதல் கிறிஸ்தவங்களுக்கு மட்டும் எங்க இருந்துச்சு? பிலிப்பி பட்டணத்துல லீதியாள்னு ஒரு துணி வியாபாரி. அவ வீட்லதான் கூடினாங்க. அவ உங்கள மாதிரி கார்ப்பெட்டுக்கு அழுதிருக்க மாட்டா" என்றார் ஆன்டி. சொன்ன கையோடு கார்ப்பெட்டில் ரசத்தைக் கொட்டினார். தேவராஜ் அங்கிளே விழுந்து விழுந்து சிரித்தார்.

சண்டை வந்த நாளைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். அந்த ஞாயிறு ஜெபக்கூட்டத்துக்கு டேனியல் அங்கிள் குடும்பம் புதிதாக வந்திருந்தது. சாப்பிடும்போது அப்பா அவரிடம் ஊரைக் கேட்டார். பிறகு தெருவைக் கேட்டார். தெருவின் பெயர் தெரிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்புறத் திறந்த முற்றத்துக்கு, பேட்டியோவுக்குப் போய்விட்டார். இன்னும் இரண்டு அங்கிள்கள் பின்னாலேயே போனார்கள். அன்று காலை நாம் வாசித்தது அந்தியோகியாவில் நடந்த கதை. பேதுரு அங்கே யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சொந்த ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகினார். பவுல் அதை எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

ஆன்டி பேட்டியோ கதவைத் திறந்து தலையை நீட்டினார். "என்ன அண்ணே, எருசலேம்ல இருந்து ஆள் வந்திருக்கா?"

வீடே சிரித்தது. இரண்டு அங்கிள்களும் அசடு வழிந்துகொண்டு உள்ளே வந்தார்கள். அப்பா வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் வரவில்லை; எங்களையும் விடவில்லை.

ஆனால் காரில் எழுதும் மாதக் கடிதம் நிற்கவில்லை. முடிவில் ஆன்டி எல்லோர் பெயரையும் சொல்லி வாழ்த்துவார். பவுல் ரோமாபுரிக்கு அனுப்பிய கடிதமும் அப்படித்தான் முடிகிறதாம், பெயர் பெயராக. வாசிக்கிறவர்கள் தாண்டிப் போகிற அந்தப் பகுதிதான் ஆன்டிக்கு உயிர். அவருடைய பட்டியலில் அப்பாவின் பெயரும் தவறாமல் வந்தது.

"அப்பாதான் வர்றதில்லையே ஆன்டி?"

"வர்றவங்களுக்குத்தான் சோறு போடுறோமே. வராதவங்களுக்குப் பேராவது எழுத வேண்டாமா? எழுதுடீ."

போன மாதம் இன்னொன்று சொன்னார். ரோமாபுரிக் கடிதத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதியவன் தெர்தியு. அத்தனை பெயரையும் எழுதிக்கொண்டே வந்தவன், நடுவில் நானும் உங்களை வாழ்த்துகிறேன் என்று தன் பெயரையும் எழுதிவிட்டானாம். "கை வலிக்க எழுதினவன் ஆளில்லையா? நீயும் போடேன்."

"அப்பா பார்த்தா?"

"பார்க்கட்டும். அவர் பேரும் அங்கதான இருக்கு."

நான் போடவில்லை. பயம். இப்போதும் மாடிப்படி கிறீச்சிட்டால் தாளைத் தலையணைக்கு அடியில் தள்ளுகிறேன். நாளைக்கு இதை ஷைனியிடம் கொடுப்பேன். அவள் பிரதி எடுத்து எல்லோருக்கும் அனுப்புவாள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வரும்.

ஆன்டியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பட்டியல்தான். தேவராஜ் அங்கிளை, அவர் கார்ப்பெட்டோடு, வாழ்த்துகிறேன். டேனியல் அங்கிளையும் அவர் வீட்டாரையும் வாழ்த்துகிறேன். தாயை இழந்த ஷைனியை வாழ்த்துகிறேன். மீன்குழம்புச் சட்டியை இன்னும் கழுவாத என் அம்மாவை வாழ்த்துகிறேன். என் அப்பா சாமுவேலை வாழ்த்துகிறேன்.

இதை எழுதிய எப்சிபா நானும் உங்களை வாழ்த்துகிறேன்.