முதுகு காட்டிக் கேட்ட வரம்

கிருத்திகைதோறும் குன்றேறி முருகனைப் பார்க்க வரும் சொந்தங்களே, நான் ஏற முடியாமல் கிடந்த நாட்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எழுபத்தெட்டாம் வருஷம், மே மாதம். எனக்கு எட்டாம் மாதம். மாதம் ஏறியது, வயிறு ஏறவில்லை. லேடி டாக்டர் நாடா வைத்து அளந்தார், பிரஷர் பார்த்தார். நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறைந்துவிட்டது என்றார். பிள்ளையின் மூளைக்குச் சர்க்கரையும் பிராணவாயுவும் அந்த ரத்தத்தில்தான் போகிறதாம். பிராணவாயு பத்தாவிட்டால் சர்க்கரை அரைகுறையாக எரியும், தெம்பு கிடைக்காது. காற்றில்லாத அங்கீட்டிக் கரியடுப்பு புகைகிற மாதிரி என்றார். “இப்போதைக்குப் பிள்ளை தன் கை காலுக்கான பங்கைக் குறைத்துத் தலைக்கு அனுப்பிச் சமாளிக்கிறது. எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. இடது பக்கமாகவே படுத்திருங்கள்.”

எனக்கு அழுகை வரவில்லை. வீடு திரும்பும்போது, வெண்டைக்காய் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனசு அப்படி மரத்துப்போயிருந்தது.

டெல்லி கரோல் பாகில் மூன்றாம் மாடியில் எங்களுக்கு ஒற்றை அறை. முருகன் படம் கிழக்குச் சுவரில். தெற்கே தலைவைத்து இடது பக்கம் படுத்தால் சாமிக்கு முதுகு. வடக்கே தலைவைத்தால் முகம் பார்க்கலாம், ஆனால் உயிரோடு இருக்கிறவள் வடக்கே தலைவைப்பாளா? கட்டிலைக் குறுக்கே போட இடமில்லை.

“படத்தை எதிர்ச் சுவர்ல மாட்டிருதேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“அந்தச் சுவத்துக்குப் பின்னால பாத்ரூம்லா? நல்லா மாட்டுவீய!”

அப்படியே கிடந்தேன். தினமும் சொல்லும் துதி பாதியில் நின்றுபோனது. முதுகைக் காட்டிக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது?

கேட்டதெல்லாம் பாத்ரூம் குழாயின் சத்தம்தான். கோடையில் தண்ணீர் கீழ் வீட்டோடு நின்றுவிடும். எங்கள் குழாய் சீறும், சொட்டாது. அவர் ஆபீஸ் போகுமுன் வாளி வாளியாகத் தூக்கி வருவார். ஒரு காலை, அந்தச் சீறலைக் கேட்டபடி, “முருகா, மேல ஏறணும்” என்றேன். பிள்ளையின் தலைக்கு ரத்தம் ஏறுவதைத்தான் சொன்னேன். அது வேண்டுதலா முனகலா என்று எனக்கே தெரியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் வாளியில் தடதடவென்று தண்ணீர் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மா மூச்சு வாங்க மேலே வந்தார். பீஜி என்று கூப்பிடுவோம். நான் படுக்கையில் கிடப்பது தெரிந்து தன் குழாயை மூடியதோடு, இடையிலுள்ள மாடிகளிலும் சண்டை போட்டு மூட வைத்திருக்கிறார்.

“உங்க பாத்திரமெல்லாம், பீஜி?” என்றேன்.

“அரே பேட்டி! பஹலே பச்சா, பர்தன் பாத் மே.” மகளே, முதலில் பிள்ளை, பாத்திரம் அப்புறம்.

எனக்குள்ளே பிள்ளையின் கையும் காலும் அதைத்தானே செய்துகொண்டிருந்தன! அன்றுதான் வாய்விட்டு அழுதேன். பீஜி என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பயம் போகவில்லை. ஆனால் தினமும் தண்ணீர் ஏறியது. ஏறும்போதெல்லாம் அதே ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

ஜூன் கடைசியில் பிறந்தான். விலா எண்ணலாம், தொடையில் சதையே இல்லை. உடனே அழவில்லை. நானும் அழவில்லை, பார்த்துக்கொண்டே கிடந்தேன். பிறகு வீறிட்டான். டாக்டர் தலையை அளந்துவிட்டுச் சிரித்தார். “உடம்புதான் இளைத்திருக்கிறது. தலை சரியாக இருக்கிறது.”

கழுத்து நிற்குமா, பேச்சு வருமா என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன். எல்லாம் வந்தது. இப்போது பத்து வயது, புசா ரோடு பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். கணக்கில் புலி. தமிழ் எழுத்துதான் கோழி கிண்டினது மாதிரி. அதற்கு ரத்தம் என்ன செய்யும்? டெல்லிப் பிள்ளை!

பீஜி இன்று இல்லை. அவர் இருந்த கீழ் வீட்டில் நாங்கள் இருக்கிறோம். காலையில் தண்ணீர் வந்ததும் ஒரு வாளி பிடித்துவிட்டுக் குழாயை மூடிவிடுவேன். மேலே யார் இருக்கிறார்கள், என்ன கஷ்டம் என்று கேட்பதில்லை. என் விரதம் இதுதான்.

மனசு மரத்துக் கிடக்கிறவர்களே, துதி வராவிட்டால் போகட்டும். சாமி பக்கம் திரும்ப முடியாவிட்டாலும் போகட்டும். படுத்த பக்கமே கேளுங்கள். முருகன் பாத்ரூம் சுவர் வழியாகவும் வருவான்.