நான் பார்க்காத கையெழுத்து

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வீடு போனது. அதற்கு என் கையெழுத்து ஒரு காரணம். வீடு போனதோடு விடவில்லை. பொய்ச் சத்தியம் செய்தவள் என்று அவளுக்குப் பேர் வந்தது. அதற்கு முழுக் காரணம் நான். அவள் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் ஆந்திராப் பக்கம் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவன். கூலித் தறி. நாலு தறியை ஒரே ஆள் பார்க்க வேண்டும். ஓடுகிற தறியை விட்டு நகர முடியாது. ஒரு இழை அறுந்து, கவனிக்காமல் விட்டால் துணி முழுக்கக் கோடு விழும். அதனால் என்னிடம் வேலை இருக்கிறவர்கள் ஷெட்டுக்கே வருவார்கள். அந்தச் சத்தத்தில் காதுக்குள் வாயை வைத்துக் கத்துவார்கள். பாதி கேட்கும். தலையாட்டுவேன்.

வருகிறவர்கள் பெரும்பாலும் சாட்சிக் கையெழுத்துக்கு வருவார்கள். எங்களுக்கு வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. வயதானவர்கள் தெலுங்கு பேசுவார்கள், எழுத வராது. நான் ஐந்தாவது வரை தெலுங்குப் பள்ளியில் படித்தேன். தமிழ் எழுத்தைப் பிறகு பஸ் போர்டிலும் பேப்பரிலும் பார்த்துப் பழகிக்கொண்டேன். தெலுங்கில் கையெழுத்து இருந்தால் ஆபீசில் கேள்வி வராது என்று தெருவில் ஒரு நம்பிக்கை. பேங்க் லோன், ரேஷன் கார்டு, வாடகைப் பத்திரம், எல்லாவற்றிலும் நான் சாட்சி. எதையும் படித்துப் பார்த்ததில்லை. கேட்டால் போட்டுத் தருகிற ஆள் என்று பேர். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். உறவு கிடையாது. மாமா என்று கூப்பிடுவேன். அவரும் தறி ஓட்டித்தான் அந்த வீட்டைக் கட்டினார். இரண்டு மகன்கள், ஒரு மகள். பெரியவன் திருத்தணியில், சின்னவன் பெங்களூரில். மகள், தன் புருஷன் செத்ததும் திரும்பி வந்து அப்பாவோடு இருந்தாள். மாமாவுக்கு வாதம் வந்து இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டது. தூக்கி உட்கார வைப்பது, கழுவி விடுவது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். என்னைவிட இளையவள். என்னை அண்ணா என்பாள்.

ஒரு நாள் காலை மாமாவின் சிநேகிதர் ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். மாமா வயதுக்காரர். கையில் இரண்டு தாள்.

"போடு இதுல," என்று காதில் கத்தினார்.

"இன்னா காயிதம்?"

"வீலுநாமா. உன் மாமன் ஊட்டைப் பொண்ணுக்கு எழுதிட்டான். அவன் போட்டாச்சு. நான் போட்டாச்சு. நீ ரெண்டாவது சாட்சி."

உயிலை எங்கள் பக்கம் வீலுநாமா என்போம்.

"மாமா எங்க?"

"ஊட்லதான் கீறான். எழுந்து வர்ற நெலமையா அவனுக்கு? போடுப்பா, காயிதம் உன்னத் துன்னாது."

தறிச் சட்டத்தின் மேல் தாளை வைத்துப் போட்டேன். சட்டம் ஆடியது. எழுத்தும் ஆடியது. மாமா வீடு கூப்பிடு தூரம். தறியை நிறுத்திவிட்டு ஒரு நடை போய் வந்திருக்கலாம். போகவில்லை.

சிநேகிதர் முதலில் செத்துப்போனார். அடுத்த வருஷம் மாமா போனார். காரியம் முடிந்த மறுநாள் மகன்கள் வீட்டை விற்று மூன்றாகப் பிரிக்கலாம் என்றார்கள். அவள் உயிலை எடுத்துக் காட்டினாள். இரண்டு பேருக்கும் முகம் மாறிவிட்டது.

"நைனா எங்ககிட்ட சொல்லாம இப்படி எழுத மாட்டாரு," என்றான் பெரியவன். அப்பாவை அவர்கள் நைனா என்பார்கள். "இது யாரோ எழுதி வாங்கினது."

சித்தூர் கோர்ட்டில் கேஸ் போட்டார்கள்.

அவள் ஷெட்டுக்கு வந்து என் காதில் கத்தினாள். "சித்தூருக்கு வரணும்ணா. நீ ஒருத்தன்தான் மிச்சம்." தலையாட்டினேன்.

வக்கீல் தெலுங்குக்காரர். எங்களோடு பாதித் தமிழில் பேசினார். அவள் கேட்க வேண்டியதை எல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"ரெஜிஸ்டர் பண்ணலையே சார், செல்லுமா?"

"செல்லும்மா. வீலுநாமாவை ரெஜிஸ்டர் பண்ணியே ஆகணும்னு இல்ல."

"மெட்ராஸ்ல எங்க சித்தி பையன் புரொபேட்டு வாங்கணும்னான். கோர்ட்டு முத்திரை போட்டுத் தரணுமாமே."

"அது மெட்ராஸ் கதை. இந்தப் பக்கம் அது கட்டாயம் இல்ல. வீடு பூர்வீகமா, உங்க நைனா சம்பாதிச்சதா?"

"அவரு தறி ஓட்டிக் கட்டினது."

"அப்ப யாருக்கு வேணா எழுதலாம். வீலுநாமா நின்னா முழு வீடும் உனக்கு. நிக்கலன்னா மூணு பேருக்கும் சமம், உனக்கும் ஒரு பங்கு." என்னைக் கையால் காட்டினார். "நிக்க வைக்க வேண்டியவர் இவரு."

எப்படி என்று கேட்டேன். கையெழுத்து என்னுடையதுதான் என்று சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன்.

"போதாது. ரெண்டு சாட்சியும் செத்திருந்தா கையெழுத்தை அடையாளம் காட்டினா ஆச்சு. ஒருத்தர் உசிரோட இருந்தா அவரு கோர்ட்டுக்கு வரணும். பெரியவர் போட்டதை நாங்க ரெண்டு சாட்சியும் பார்த்தோம், அவர் எதிர்லயே நாங்களும் போட்டோம்னு சொல்லணும்."

"நான் செத்திருந்தா சுலபம்னு சொல்லுங்க," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "நூறு வயசு இருணா. கேஸ் முடியற வரைக்குமாவது இரு."

"பார்த்தீங்க இல்ல?" என்றார் வக்கீல்.

அவள் கையில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். ஷெட்டில் ஆட்டுகிற மாதிரியே.

குமாஸ்தா என் சாட்சியைத் தெலுங்கில் டைப் அடித்துக் கொடுத்தார். அன்றைக்குப் படித்தேன். என் கண்ணால் பார்த்தேன் என்று இருந்தது. படித்துவிட்டுத்தான் போட்டேன். முதல் தடவை போட்டது சோம்பல். இது அப்படி இல்லை.

திரும்புகிற பஸ்ஸில் டிபன் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சை சாதம். "துன்னுணா, காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ," என்றாள். தின்றேன். புத்தூர் வரை சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்தது. புத்தூர் தாண்டியதும் நகரியும் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துப் பெரியவன் என்னைத் தேடி வந்தான். நான் டீ குடிக்க வெளியே வருகிற வரை காத்திருந்தான்.

"உன்மேல எனக்குக் கோவம் இல்லப்பா. கோர்ட்டுன்னா வருஷக் கணக்கா இழுக்கும். காணிப்பாக்கம் வா. அவளையும் கூட்டிகினு வா. குளத்துல முழுகிட்டு பிள்ளையார் எதிர்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நைனா போட்டது நெசம்னா ஊட்டை அவளுக்கே விட்டுடறோம். கேஸை வாபஸ் வாங்கிடறோம்."

எங்கள் ஜில்லாவில் கோர்ட்டில் தீராதது அங்கே தீரும். ஈரத் துணியோடு அந்தப் பிள்ளையார் எதிரில் நின்று பொய் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அடிதடிக் கேஸில் இருந்து ஆட்டுத் திருட்டு வரை அங்கே போய் முடித்தவர்களை எனக்கே தெரியும்.

அவளிடம் சொன்னேன். "போலாம்ணா. அங்க நெசத்தைச் சொன்னா போதும்," என்றாள்.

பார்த்தேன் என்று என்னை அங்கேயும் சொல்லச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலு பேரும் போனோம். அவள் புடவையோடு முழுகினாள். நான் வேட்டியோடு முழுகினேன். சந்நிதியில் அவள் முன்னால் நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"எங்க நைனா இந்தக் காயிதத்துல என் கண்ணு எதிர்ல கையெழுத்து போட்டாரு. நான் கேக்கல. அவரா போட்டாரு."

சின்னவன் அழுதுவிட்டான். பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் நம்பிவிட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பிறகு என் முறை. தலையிலிருந்து தண்ணீர் வாய்க்குள் இறங்கியது. பார்த்தேன் என்றால் பொய். பார்க்கவில்லை என்றால் அவளுக்கு வீடு போகும். இந்த இரண்டுதான் என் மண்டையில் ஓடியது. பின்னால் வரிசை தள்ளியது. கோயில் ஆள் "பதண்டி, பதண்டி" என்று நகரச் சொல்லிக் கையை வீசினார். நான் நகர்ந்துவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்ததும் பெரியவன் கேட்டான். "ஏம்பா வாயைத் தொறக்கல?"

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, சொல்லுணா," என்றாள் அவள். மறுபடியும், "சொல்லுணா."

சட்டையை எடுத்து மாட்டினேன்.

பெரியவன் அவள் பக்கம் திரும்பினான். "உன் சாட்சிக்கே வாய் வரல. நீ எந்த வாயால சொன்னே? பிள்ளையார் எதிர்லயே பொய்யா?"

அவள் ஈரப் புடவையோடு நின்றாள். மூன்று ஆம்பிளைகளும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தோம்.

பிறகு கோர்ட்டில் கூண்டில் ஏறினேன். எதிர் வக்கீல் நேராகக் கேட்டார். பார்த்தீர்களா. பார்க்கவில்லை, ஷெட்டுக்குக் கொண்டு வந்தார்கள் என்றேன். அப்படியென்றால் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தது என்ன என்று கேட்டார். தப்பு என்றேன். ஜட்ஜ் திட்டினார். உயில் நிற்கவில்லை. மூன்று பங்கானது. வீடு விற்றது. வாங்கினவர் இடித்துவிட்டார்.

தெருவில் பேச்சு வேறு மாதிரி போனது. காணிப்பாக்கத்திலேயே துணிந்து பொய் சொன்னாள், வீடு எப்படி நிற்கும் என்றார்கள். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். என்னைப் பற்றி நல்ல விதமாகப் பேசினார்கள். "கூட இருந்து பழகின பொண்ணுக்காகக் கூட பொய் சொல்ல மனசு வரல பாரு இவனுக்கு," என்றார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது நிஜம் என்று அப்போதும் சொல்லவில்லை. டீக்கடையில் எனக்கு உட்கார இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன்.

அவள் திருப்பதிக்குப் போய்விட்டாள். அலிபிரி பக்கம் பெண்பிள்ளைகள் தங்குகிற ஹாஸ்டலில் சமையல் வேலை என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருஷம் கழித்துப் போனேன். ஷெட்டில் முதலாளியிடம் மலைக்குப் போகிறேன் என்று சொன்னேன். மலை ஏறவில்லை.

பின்வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது.

"வாணா," என்றாள். காபி கொண்டு வந்து கொடுத்தாள்.

"உன்கிட்ட அன்னைக்கே சொல்லி இருக்கணும்மா. நான் பார்க்கலைன்னு."

"அது எனக்குத் தெரியாதா? நான்தானே நைனாவைத் தாங்கிப் பிடிச்சு உக்கார வெச்சேன். ரூம்ல நீ எங்க இருந்தே? நைனாவோட சிநேகிதரு எடுத்துகினு போய் உன்கிட்ட வாங்கியாந்தாரு. வக்கீல் கேக்கச்சொல்ல நீ தலையாட்டினே. நான் பையைப் பார்த்துகினு சும்மா இருந்தேன். ஊடு போனதுக்கு நானும்தான் காரணம். அதை விடு."

காபி ஆறிக்கொண்டிருந்தது.

"காணிப்பாக்கத்துக்கு நான் ஏன் வந்தேன்னு நெனச்சே?" என்றாள். "நீ பொய் சொல்லுவேன்னா? நான் பார்க்கலப்பா, ஆனா இந்தக் காயிதம் மாமா ஊட்லேர்ந்துதான் வந்தது, இவ சொல்றதை நம்புங்கன்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன். அது பொய்யாணா?"

"இல்ல."

"அண்ணன் ரெண்டு பேரும் அப்பவே நம்பிட்டாங்க. பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்."

அதை மட்டும் நான் பார்த்திருந்தேன்.

"மன்னிச்சிடும்மா," என்றேன்.

"என்கிட்ட எதுக்குணா சொல்றே? எனக்கு நடந்தது தெரியும். தெருவுல போய் சொல்லு. எங்க அண்ணன்கிட்ட சொல்லு." உள்ளே குக்கர் சத்தம் போட்டது. பீன்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை.

அந்த வாரம் திருத்தணி போனேன். பெரியவன் வாசலில் நிற்க வைத்தே கேட்டான். முழுக்கக் கேட்டான். "இதைக் கொளத்தாண்ட சொல்லி இருந்தா அன்னைக்கே சாவியை அவ கையில குடுத்துட்டு வந்திருப்பேன்பா," என்றான். தங்கையைப் பார்க்கப் போவானா என்று கேட்டேன். "எந்த மூஞ்சிய வெச்சிகினு?" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

பிறகு எங்கள் தெரு. டீக்கடையில் ஆரம்பித்தேன். "பழசை எதுக்குப்பா கெளறிகினு?" என்று பேப்பரைப் பிரித்தார்கள். ஷெட்டில் சொன்னேன். சத்தத்தில் தலையாட்டினார்கள். குழாயடியில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். அவள் குடத்தைத் தள்ளி வைத்தவர்கள்தான். நின்று முதலிலிருந்து சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசி அவர்கள் கேட்டதில்லை.

ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள். "திருப்பதி போய் வந்தியாமே. இப்படிச் சொல்லச் சொல்லி அவ இன்னா குடுத்தா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"காபி குடுத்தா," என்றேன்.

அடுத்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.