ஸ்டாண்டை நட்டுவிட்டுப் பந்திக்குப் போனவர்

கேமராவை ஸ்டாண்டில் நட்டுவைத்துவிட்டு முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்தீர்களே அண்ணே, நீங்கள்தான் குற்றவாளி. பெயரைச் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். உங்களால் ஒரு தாய் தன் மகள் கல்யாண வீடியோவில் முகமில்லாமல் நிற்கிறாள். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

அசையாத படத்தை ஆடவைப்பது என் தொழில். பாம்பன் மீன் ஏலத்தில் பெட்டி தூக்கிப் பேரம் கற்றேன். செல்போனில் பார்த்துப் பார்த்து கிராபிக்ஸ் கற்றேன். ஓடுகிற எழுத்து, பாய்கிற அம்புக்குறி என்று எதையாவது போட்டு, பார்க்கிறவரின் கொட்டாவியை நிறுத்த வேண்டும். எடிட்டிங் மேசையில் கழுத்தொடிந்த சகாக்களே, இந்தப் பாடு உங்களுக்குத் தெரியாததா?

படகுக்குள் விழுந்த மீன்

புதுப்படகு இறக்கும் விழா. நம்ம அண்ணன் எடுத்துத் தந்தது படகின் பின்பக்கம் மட்டும், முக்கால் மணி நேரம். ஃபாதர் மந்திரிக்கிற குரல் கேட்கிறது, ஆளைக் காணோம். நான் விடுவேனா? ஓரத்தில் அலை வரைந்து, ரெடிமேடாகக் கிடைத்த பெரிய மீன் ஒன்றைத் துள்ளவிட்டு, நேராகப் படகுக்குள் விழவைத்தேன். முதல் நாளே மீன்பாடு அமோகம் என்று அர்த்தம்!

படகுக்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். துள்ளியது ஓங்கல். வெளியூரார் டால்பின் என்பார்களே, அதுதான். பிடித்தால் வனத்துறை கேஸ்.

"ஏலே, படகு முதல் வலை போடுறதுக்கு முன்னாலயே என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறியா?"

ஐம்பத்தோரு தட்டு

கடலாடிப் பக்கம் ஒரு காதுகுத்து. தாய்மாமன் டிராக்டரில் ஐம்பத்தோரு தட்டுச் சீர் கொண்டுவந்தார். ஊரே தட்டை எண்ணும். வீடியோவில் குறைந்தால் மாமன் மானம் போச்சு. அண்ணன் எடுத்ததோ பதினொன்று. பன்னிரண்டாவது வரும்போது இலை போட்டுவிட்டார்கள் போல.

எனக்கு வந்த கோபத்தில் மவுஸ் உடையாதது பெரிய விஷயம். தட்டுகளை வெட்டியெடுத்து, ஒவ்வொன்றாகத் திரையில் குதிக்கவைத்து, மேலே ஒன்று, இரண்டு என்று எண்களை ஓடவிட்டேன். மிச்சத்துக்கு, இருந்ததிலேயே பளிச்சென்று தெரிந்த வாழைப்பழத் தட்டையே திரும்பத் திரும்ப ஒட்டினேன். இவ்வளவு வேலைக்குக் கூடக் கொடுக்க வேண்டும் என்று பேரத்தையும் தொடங்கிவிட்டேன். மாமனின் அக்கா ஐம்பத்தொன்று வரை பொறுமையாக எண்ணி முடித்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என் தம்பி சீர் கொண்டுவந்தானா, பழக்கடை போட்டானா?"

கை மட்டும்

தங்கச்சிமடம் கல்யாணம். கோயிலுக்குப் புறப்படும் முன் பெற்றவர்கள் மணப்பெண் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார்கள். பெண்ணின் அம்மா செல்வராணி அக்காவும் போட்டார். ஆனால் கேமராவுக்கு முன்னால் யாரோ பெடஸ்டல் ஃபேனை இழுத்துவைத்துவிட்டார்கள். தள்ளிவைக்கச் சொல்ல அண்ணன் அங்கே இல்லை. இட்லிப் பந்தியில் இருந்தார். பிறகு கோயிலில் அக்கா தூணுக்குப் பின்னால், மண்டபத்தில் சமையல்கட்டில். மொத்த வீடியோவிலும் ஃபேனைத் தாண்டி நீண்ட அவர் கை மட்டும்தான் இருக்கிறது.

நானும் அந்தக் கையைப் பெரிதாக்கி, சுற்றித் தங்க வளையம் வரைந்து, மேலே நட்சத்திரமாகக் கொட்டவிட்டேன். அக்கா கடைக்கு வந்து பார்த்தார். மகள் கல்யாணமான மறுவாரமே துபாய்க்குப் போய்விட்டாள்.

"கை என் கைதான் தம்பி. நல்லா இருக்கு. அங்கன என் மக என்னையத் தேடுனா, மூஞ்சி எங்கன இருக்கு?"

எல்லாரிடமும் எகிறிப் பேசுகிறவன், அன்று கம்ப்யூட்டரை அணைத்தேன்.

அண்ணே, கிறிஸ்துமஸுக்கு அந்தப் பெண் ஊருக்கு வருகிறாள். தாயும் மகளும் வாசலில் நிற்பார்கள். அக்கா மறுபடி சிலுவை போடுவார். ஸ்டாண்டை வீட்டில் போட்டுவிட்டுக் கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, அந்த முகத்தை ஒழுங்காக எடுத்துக் கொடுங்கள். குறுக்கே ஃபேன் இருந்தால் நான் நகர்த்துகிறேன். மீனை வரைந்து, பழத்தை ஒட்டிப் பிழைத்த என் கிராபிக்ஸுக்கு இந்த ஒரு வேலை மட்டும் வரவில்லை; அதனால் நீங்கள் எடுத்து முடிக்கும்வரை கிறிஸ்துமஸ் விருந்தில் உங்கள் இலைக்குக் காவலாக நானே உட்கார்ந்திருக்கிறேன், வாருங்கள்.