காஜா பேராங்குக்கு வந்த இறுதி ஆட்டம்

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "டீச்சர், அம்மா போயிட்டாங்க," என்றான் மிஸ்ஸியின் மகன். "எப்ப எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். இந்த வயதில் இப்படிப்பட்ட போன்கள் வந்து வந்து, வாயில் முதலில் அந்தக் கேள்விதான் வருகிறது. போனை வைத்துவிட்டு மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

புக்கிட் காதில் என்ற ஊரில் மிஸ்ஸியின் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: மலாக்கா பெரியாஸ்பத்திரியில் மிஸ்ஸி தனபாக்கியம் போட்ட ஊசி வலிக்கவே வலிக்காதாம். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அது வேலையின் பெயராக இல்லாமல் சொந்தப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. ஆனால், வலிக்காதாமே! என் மகளுக்கு அவர் அம்மை குத்திய அன்று அவள் போட்ட கூச்சல் தெங்கேரா வரைக்கும் கேட்டிருக்கும். செத்தவர்களைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டும், சரி. அதற்காகப் புளுகக் கூடாது. வலிக்கும், ஆனால் "வலிக்கும், பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவார். அதுதான் மிஸ்ஸி.

அவருடைய கையில் ஒரு காலத்தில் ஊசியோடு பூப்பந்து மட்டையும் இருந்தது என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது நான் ஒருத்தி. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தோற்கப் பிடிக்காது. பல்லாங்குழியில் தோற்றால்கூட அன்று எனக்குச் சோறு இறங்காது. அப்போது எனக்கு இருபது வயது. தமிழ்ப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மிஸ்ஸிக்கு என்னைவிட ஆறேழு வயது கூடுதல். ஆஸ்பத்திரித் திடலில் நடந்த ஓர் ஆட்டத்தில்தான் அவரை முதன்முதலாக எதிர்த்து ஆடினேன். கோட்டருகில் விழுந்த ஒரு பந்தை வெளியே என்றார்கள். நான் மட்டையைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துச் சண்டைக்கு நின்றேன். மிஸ்ஸி வலையின் அந்தப் பக்கத்திலிருந்து, "சண்டை போடுற நேரத்துல ரெண்டு பாயிண்ட் ஆடிடலாம், வா லா" என்றார். அந்தப் புள்ளியை மறுபடி ஆடினோம். அதிலும் நான் தோற்றேன். மூன்று நாள் அவரை மனதாரத் திட்டினேன்.

தலைவர்கள் வந்து பண்டா ஹிலிர் திடலில் நாட்டுக்குச் சுதந்திரம் வரும் தேதியைச் சொல்லிவிட்டுப் போயிருந்த காலம் அது. எங்கே பார்த்தாலும் ஒரு துடிப்பு. புது நாடு வருகிறது என்று ஆளாளுக்கு ஏதோ ஒரு போட்டி வைத்தார்கள். கோலப் போட்டி, பேச்சுப் போட்டி, சைக்கிள் போட்டி. எங்களுக்கு வாய்த்தது பெண்கள் இரட்டையர் பூப்பந்து. ஜெயிக்கும் ஜோடி மலாக்காவுக்காகக் கோலாலம்பூர் போய் ஆடலாம். நான் அதுவரை பக்கத்திலிருக்கும் ஜாசினைத் தாண்டியதில்லை. என் அப்பா வேறு, "இந்த வருஷத்தோட மட்டையைத் தூக்கிப் பரண்ல போடு, மாப்பிள்ளை பார்த்தாச்சு" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். கோலாலம்பூர் போவதென்றால் அந்த வருஷம். இல்லையென்றால் எந்த வருஷமும் இல்லை.

என் ஜோடி லெட்சுமி. காஜா பேராங் செட்டிக் கம்பத்துப் பெண்; கிராமத்தை இங்கே கம்பம் என்போம். அந்தச் செட்டிகளும் நம்மவர்கள்தான், ஆனால் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கப்பலேறி வந்து, இங்கே பெண்ணெடுத்து, மலாய்தான் வீட்டுப் பேச்சு என்று ஆகிவிட்டவர்கள். சாரோங் கெபாயா உடுத்தி நெற்றியில் திருநீறு பூசியிருப்பாள். எங்கள் பேச்சு முழுக்க மலாயில்தான். அவளுடைய தமிழ் "சாமி", "அம்மா" இரண்டோடு சரி. ஆனால் அவள் முன்னால் நின்றால் வலையைத் தாண்டி ஈ கூடப் போகாது. அப்படி ஆடி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரில் யார் என்று கேட்காதீர்கள். மிஸ்ஸியும், அவரோடு வேலை பார்த்த ஒரு சீனத் தாதியும்தான்.

கடலோரத்து கிளப்பில் இறுதி ஆட்டம். மேலே கூரை கிடையாது. நான்கு புள்ளிகூட ஆடியிருக்க மாட்டோம், மழை கொட்டித் தீர்த்துவிட்டது. போட்டிச் செயலாளர் கனகசபை ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், குடைக்குள் நின்று அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி என்று அறிவித்தார். நான் தலையாட்டிவிட்டு ஓடினேன். லெட்சுமி அப்படியே நனைந்துகொண்டு நின்றாள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் கம்பத்தில் மாரியம்மன் திருவிழாவின் நடுப்பகுதி. டத்தோ சாச்சார் என்பார்கள். அவளுடைய தம்பி அம்மை போட்டுப் பிழைத்திருந்தான். அவனுக்காக லெட்சுமி காப்புக் கட்டிக்கொள்வதாக வேண்டியிருந்தாள். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை கம்பத்து எல்லையைத் தாண்டக் கூடாது, அவர்கள் வீட்டில் அது கண்டிப்பு. மழை பெய்யாமல் இருந்திருந்தால் ஆட்டம் முடிந்த பிறகுதான் கயிறு கட்டியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "நீளக் கைச் சட்டை போட்டு மறைச்சுக்கோ, ஒரு மணி நேரத்துல வந்திடலாம்" என்றேன். லெட்சுமி கோபப்படவில்லை. "தாக் போலே" என்றாள். முடியாது. "தம்பி உயிரோட விளையாடறதா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கனகசபை ஐயாவிடம் போய்க் கெஞ்சினேன். "சட்டம் எண்டால் சட்டம்தான் பிள்ளை. ஞாயிறு அஞ்சு மணிக்கு வராட்டி மற்ற ஜோடிக்கு வாக்ஓவர். ஒருத்தருக்காக நாளையும் இடத்தையும் மாத்தேலாது," என்றார். ஆடாமலே அவர்களுக்குக் கோப்பை. கோலாலம்பூரும் அவர்களுக்கு. அன்று பள்ளியில் ஒரு குழந்தையைக் காரணமில்லாமல் அதட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மாலையில் நான் லெட்சுமியோடு இருந்தபோது, விஷயம் கேள்விப்பட்டு, வெள்ளைச் சீருடையோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு மிஸ்ஸி காஜா பேராங்குக்கு வந்து இறங்கினார். "எல்லை எங்க இருக்கு? காட்டு," என்று லெட்சுமியிடம் மலாயில் கேட்டார். அனுதாபம் சொல்ல வந்திருக்கிறார் என்று எனக்கு உள்ளே கொதித்தது. லெட்சுமி எல்லைக்குள் நின்றபடியே கையை நீட்டிக் காட்டினாள். மிஸ்ஸியின் கண் தென்னைகளுக்கு நடுவில் நாங்கள் பழகும் மண்தரைக்குப் போனது. காலால் தரையை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"இது எல்லைக்கு உள்ளதானே? இதுக்கு என்ன குறைச்சல்?"

"கமிட்டி ஒத்துக்காது மிஸ்ஸி," என்றேன்.

"அதை நான் பார்த்துக்கிறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கென்ன, ஆடாமலே கப்பு வந்திடுமே? எதுக்கு இந்த வேலை?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

"சும்மா வந்த கப்புல தண்ணி குடிச்சா தொண்டையில இறங்குமா?" என்றார். அவ்வளவுதான். சைக்கிளில் ஏறினார்.

அவர் நேராகக் கனகசபை ஐயா வீட்டுக்குத்தான் போனார். போகட்டும் என்று இருக்க எனக்கு மனமில்லை, பின்னாலேயே ஓடினேன். மிஸ்ஸி வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஐயா, ஞாயித்துக்கிழமை நாங்களும் வரமாட்டோம்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? நீங்கள் ஏன் வராமல் விடுறியள்?"

"ரெண்டு ஜோடியும் வரலேன்னா யாருக்கு வாக்ஓவர் கொடுப்பீங்க? மலாக்கா சார்பா கோலாலம்பூருக்கு யாரை அனுப்புவீங்க? நீங்களும் உங்க வீட்டம்மாவும் போவீங்களா?"

உள்ளேயிருந்து அவருடைய மனைவி வாய்விட்டுச் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. கனகசபை ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். கடைசியில், "தரை அளவு சரியாய் இருக்க வேணும், கண்டியளோ," என்றார். அந்த நல்ல மனிதருக்கும் ஒரு சாக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கம்பமே கூடிவிட்டது. சுண்ணாம்பில் கோடு போட்டோம். இரண்டு தென்னைக்கு நடுவில் வலையைக் கட்டினோம். வெற்றிலை மென்றபடி லெட்சுமியின் அத்தைமார்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்தால் அம்மன் புறப்பாடு. அதற்குள் முடித்தாக வேண்டும். லெட்சுமி ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதத்தில் இருந்தாள், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. எங்கள் தரை, எங்கள் காற்று, எங்கள் சனம். ஆடாமல் கிடைக்க இருந்ததை விட்டுக்கொடுத்து இவ்வளவு தூரம் வந்த மிஸ்ஸி, விரதக்காரப் பெண்ணிடம் கொஞ்சம் தணிந்துதான் ஆடுவார் என்று நான் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஆடினாரே ஆட்டம்! முதல் பந்திலிருந்து ஒவ்வொன்றும் லெட்சுமியைப் பார்த்துத்தான். இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, காலடியில் ஒன்று. எனக்குப் பந்தே வரவில்லை. பாயில் இருந்த அத்தைமார்கள் மலாயில் மிஸ்ஸியின் ஏழு தலைமுறையை இழுத்தார்கள். லெட்சுமி மூச்சு வாங்கினாள், விழுந்தாள், எழுந்தாள், திருப்பித் திருப்பி அடித்தாள். முதல் ஆட்டம் அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் பதினான்கு பதின்மூன்று என்று மிஸ்ஸி முன்னால் நின்றார். கடைசிப் பந்தையும் லெட்சுமி மேல்தான் இறக்கினார். அவள் எப்படியோ எடுத்துவிட்டாள். அவர்கள் திணறித் திருப்பிய பந்து என் தலைக்கு மேல் பழம் போல வந்தது. நான் அதை ஓங்கி வலையில் அடித்தேன்.

கைகொடுக்கும்போது நான் மிஸ்ஸியை விடவில்லை. "விரதம் இருக்கிற பொண்ணுன்னுகூடப் பார்க்காம அடிச்சீங்களே, மனசு வந்துச்சா?" என்றேன்.

"மெதுவா அடிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார் மிஸ்ஸி. "அவதான் உங்க ரெண்டு பேர்ல நல்லா ஆடுறவ. அவளை அடிச்சு ஜெயிச்சாத்தானே ஜெயிச்சதா அர்த்தம்?"

நான் லெட்சுமிக்கு இதை மலாயில் சொன்னேன், அவளுக்கும் கோபம் வரட்டும் என்று. முகமெல்லாம் மண், முழங்கையில் சிராய்ப்பு. அவள் சிரித்தாள். அத்தனை சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. அவளுடைய அம்மா தேங்காய்ப்பால் சோறும் காய்கறிக் குழம்பும் வாழையிலையில் வைத்தார். மிஸ்ஸி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

கோலாலம்பூரில் மிஸ்ஸி முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டுத் திரும்பினார். "போய் நல்லா அடி வாங்கிட்டு வந்தோம். நீயும் வந்திருந்தா உனக்கும் கொஞ்சம் கிடைச்சிருக்கும்," என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது. என் மட்டை பரணுக்குப் போனது, எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. மூன்று பிரசவத்துக்கும் மிஸ்ஸிதான் பக்கத்தில் நின்றார். அங்கேயும் தணிந்து பேசியதில்லை. "கத்துறதை நிறுத்திட்டு முக்கு," என்பார். ஆனால் பிடித்த என் கையை விடவே மாட்டார்.

கடைசிச் சில வருடங்களாக அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. வாரம் ஒரு முறை போய்ப் பார்ப்பேன். டீச்சர் என்று என்னைத் தெரியும். எங்கே பழக்கம் என்று தெரியாது. ஒரு நாள் பேச வேறெதுவும் இல்லாமல், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பது போல வாய் பிளந்து கேட்டார். "அந்த மிஸ்ஸி பொல்லாதவளா இருப்பா போல இருக்கே!" என்றார். பிறகு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "சரி, யார் ஜெயிச்சா?"

லெட்சுமி போய்ப் பல காலம். மிஸ்ஸியின் ஜோடியான சீனத் தாதி சீமையில் எங்கேயோ இருந்து இறந்துபோனாராம். கனகசபை ஐயாவும் அன்று பாயில் உட்கார்ந்து பார்த்தவர்களும் எப்போதோ போய்விட்டார்கள். அந்த ஆட்டத்தின் முடிவு தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தி. நாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொன்னால் யார் வந்து மறுக்கப் போகிறார்கள்? சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு நுனிவரை வந்தது.

"நீங்கதான் மிஸ்ஸி," என்றேன். "மூணாவது கேம்ல பதினைஞ்சு பதிமூணு. கடைசிப் பந்தை நான்தான் நெட்ல அடிச்சேன்."

"நானா? நானா ஜெயிச்சேன்?" அவர் என் முழங்காலில் ஓங்கி அறைந்தார். அந்த வயதிலும் வலித்தது. "டேய், இங்க வாடா! நான் ஜெயிச்சிருக்கேன்டா!" என்று மகனைக் கூவி அழைத்தார். அடுத்த வாரம் போனபோது மறந்திருந்தார். மறுபடி சொன்னேன், மறுபடி கேட்டார், மறுபடி ஜெயித்தார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அந்த வீட்டுக்குத் தோற்பதற்கென்றே பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன்.

இனி அங்கே கேட்க ஆள் இல்லை. மிஸ்ஸி ஜெயித்தது என்னிடம்தான் இருக்கிறது. நானும் போய்விட்டால் அது கேட்பாரற்றுப் போய்விடும் என்ற பயத்தில் உங்கள் எல்லோரிடமும் சொல்லி வைக்கிறேன்: காஜா பேராங் மண்தரையில், பொழுது சாய்வதற்குள், ஜெயித்தவர் மிஸ்ஸி தனபாக்கியம். நான் எதிரில் நின்று பார்த்தேன்.